மண்வெடிப்புக்கு விழுந்த இதயங்கள்

இந்த எஸ்டேட் வாட்ஸ்அப் குழுவில் எல்லாரும் படத்தைப் பார்க்காமலே இதயம் போடுகிறீர்கள்.

காலையில் ஒரு பிறந்தநாள் கேக் வந்தது. அடுத்து, திரிங்காப் ஊர்த் தோட்டத்து ஸ்ட்ராபெரி. அதற்கடுத்து மேல் லயத்துத் தொழிலாளர் குடியிருப்பில் இருக்கும் மேரி அக்கா போட்ட படம்: அவர் வீட்டுக்குப் பின்னால் தேயிலைச் சரிவில் நீளமான மண்வெடிப்பு.

மூன்றுக்கும் ஒரே சிவப்பு இதயம்.

தானா ராத்தா டவுனுக்குப் போகும் பஸ்ஸில் அக்காவைப் பார்த்தேன்.

"நேத்து வெரலுதான் நுழைஞ்சுச்சு தம்பி. இன்னிக்கு கையே போவுது. ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணிகிட்ட சொன்னா, 'அதான் குரூப்ல போட்டுட்டீங்களே, பார்க்கலாம்லா'ங்கிறாரு."

இப்போது மழை பிடித்துவிட்டது. அக்காவின் பிள்ளைகள் அந்த வீட்டில்தான் இருக்கிறார்கள்.

கிராணி ஐயா, அந்தப் படத்துக்கு முதல் இதயம் உங்களுடையது. மேல் லயத்தைக் காலி செய்ய உடனே லோரி அனுப்புங்கள்.

பின்குறிப்பு: ஒரு மணி நேரமாகிறது. இந்தப் பதிவுக்கும் ஏழு இதயம் விழுந்திருக்கிறது. லோரி எங்கே?