ஓடுபாதை நடுவே நின்ற விமானம்

திருச்சியில் நாத்தனார் மகள் கல்யாணத்தை முடித்துக்கொண்டு நானும் என் வீட்டுக்காரரும் கடல் தாண்டி எங்கள் ஊரான கிள்ளானுக்கு விமானத்தில் திரும்பிக்கொண்டிருந்தோம். இறங்க வேண்டிய விமான நிலையத்தில் பலத்த மழை, இறங்கத் தாமதமாகும் என்று விமானி அறிவித்தார். முதலில் நம்பினேன். மேக இடுக்கில் நிலையத்துக்குப் பக்கத்து ஊரான டெங்கிலின் அதே செம்பனைத் தோட்டமும் அதே பழுப்புக் குட்டையும் திரும்பத் திரும்ப வந்தபோதுதான் சந்தேகம் தட்டியது.

"என்னங்க, இவங்க எதையோ மறைக்கிறாங்க."

"மழைதான் லா. சும்மா இரு."

ஒரு தடவை இறங்கப் போய், தரை தெரிந்த நேரத்தில் விமானம் விர்ரென்று மேலே ஏறியது. அதற்குப் பிறகு பணிப்பெண்கள் எங்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கடந்து போனவளை நிறுத்தி, விமானம் பறக்க எண்ணெய் போதுமா என்று மலாயில் கேட்டேன்.

"எல்லாம் ஓகே, ஆன்டி" என்று சிரித்தாள். கேட்டதற்கு அது பதிலில்லை. சிரிப்பு மட்டும் முகத்தில் அப்படியே நின்றது. கை என் இருக்கை முதுகை இறுக்கிப் பிடித்திருந்தது.

கொஞ்ச நேரத்தில் தலையைக் குனியச் சொல்லிக் கத்தினார்கள். என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்தார். சக்கரம் தரையில் மோதி ஓடியது. ஜன்னலில் தீயணைப்பு வண்டிகள் எங்களோடு ஓடி வந்தன. ஓடுபாதை நடுவிலேயே இன்ஜின் சத்தம் அடங்கியது. விளக்கும் அணைந்தது. கூரையில் மழை பெய்வது கேட்டது. யாரும் கைதட்டவில்லை. ஒரு வண்டி வந்து எங்களை இழுத்துக்கொண்டு போனது.

நிலையத்துக்குள்ளே விமான நிறுவனத்துப் பையன், "மோசமான வானிலைதான் காரணம், ஆன்டி" என்றான்.

"மழை பேஞ்சா இன்ஜின் நின்னுருமா?"

அவன் வாயைத் திறப்பதற்குள், பின்னால் வந்த விமானி நின்றார். தமிழர்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"எண்ணெய் தீர்ந்துருச்சு, ஆன்டி. சக்கரம் தரையைத் தொட்டதுக்கு அப்புறம்தான் நின்னுச்சு" என்று தணிந்த குரலில் சொன்னார். பையன் அவர் தோளைத் தொட்டு அழைத்துப் போய்விட்டான்.

கிள்ளானுக்குப் போகும் காரில் என் வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார். "இறங்காம திரும்ப மேல ஏறினப்பவே எண்ணெய் பத்தாதுன்னு எனக்குத் தெரியும். நீ பயந்துடுவேன்னுதான் சொல்லல."

விமானி மேல் வராத கோபம் இவர் மேல் வந்தது. இப்போதெல்லாம் அவர் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து, "ஒன்னுமில்ல லா" என்று சொன்னால், டாக்டரிடம் நானே கூட வந்து கேட்கிறேன் என்று செருப்பை மாட்டிக்கொள்கிறேன்.