அப்படி யாரும் இங்க இல்லீங்க

மாடிப்படியின் ஐந்தாவது படியில் நின்று மூன்று முறை இருமுகிறார் சாவி அண்ணன். சளியெல்லாம் கிடையாது. 'ஒளித்து வைக்க வேண்டியதை ஒளித்துக்கொள்ளுங்கள், நான் வருகிறேன்' என்று அதற்கு அர்த்தம். மேலே கதவு சாத்துகிற சத்தமும் பெட்டி இழுபடுகிற சத்தமும் அடங்கிய பிறகுதான் ஆறாவது படியில் கால் வைப்பார்.

இந்த ஓட்டை விடுதிக்குக் காவலாள், பெருக்குகிறவர், குழாய் ரிப்பேர்காரர் எல்லாம் அவர் ஒருவர்தான். இடுப்பில் ஒரு கொத்துச் சாவி தொங்கும். அதில் பாதிக்குப் பூட்டே இல்லை. கேட்டால், "இருக்கட்டும் சார், பூட்டு எப்ப வேணா வரும்" என்பார்.

ஒன்றாம் அறையில் ஒருவர் இருப்பதாகப் பேச்சு. உண்மையில் இரட்டையர். சட்டை ஒன்று, மூக்குக்கண்ணாடி ஒன்று. காலையில் வெளியே போகிறவருக்கு இடது கைப் பழக்கம். மத்தியானம் போகிறவருக்கு வலது கை. இரண்டாம் அறை தட்டச்சு டீச்சர் கோழி வளர்க்கிறார். அது கொக்கரித்தால் உடனே உச்சஸ்தாயியில் பாட ஆரம்பித்துவிடுவார். பாட்டு முடிந்தால் முட்டை வந்துவிட்டது என்று தெரிந்துகொள்வோம். மூன்றாம் அறையில் நான். பத்திரிகைக்கு எழுதுகிறவன் என்று தெரிந்தால் யாரும் வாய் திறக்கமாட்டார்களே என்று வாட்ச் ரிப்பேர்காரனாக நடிக்கிறேன். சாவி அண்ணன் ஓடாத வாட்ச் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்து, "அவசரமில்ல சார், எழுதி முடிச்சிட்டு மெதுவா பாருங்க" என்றார். எனக்கு முகத்தில் ஈயாடவில்லை.

வாசலில் ஒரு மரப்பலகை. ஒவ்வோர் அறை எண்ணுக்கும் எதிரே 'உள்ளே', 'வெளியே' என்று தள்ளுகிற மரத்துண்டு. எல்லாமே எப்போதும் வெளியேதான். 'காவலாள்' என்பதற்கு எதிரே இருக்கும் துண்டு பெயின்ட் காய்ந்து 'வெளியே'யிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது.

யார் வந்து யாரைக் கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான்: "அப்படி யாரும் இங்க இல்லீங்க." கேட்ட பெயர் காதில் ஏறுவதற்குள் பதில் வந்துவிடும். கட்டடத்தின் சொந்தக்காரரே ஒருமுறை வந்து தன் பெயரைச் சொல்ல, அவருக்கும் அதே பதில். மனிதர் யோசித்துக்கொண்டே திரும்பிப் போனார்.

அந்த வாக்கியத்தை அவர் முதலில் சொன்னது தன் சொந்தத் தங்கையிடம். பதினொரு வருடம் முன்பு அவள் தன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்டு வந்து, "அண்ணே, இருக்கியா?" என்று கதவைத் தட்டியபோது, கதவுக்குப் பின்னால் நின்று இவரே சொன்னது. எனக்கு இது தெரியக் காரணம், அவளுக்குக் கடிதம் எழுத என்னிடம் வந்தார். "மன்னிப்புக்கு ரெண்டு சுழியா, மூணு சுழியா சார்?" என்று கேட்டுக் கேட்டே நான்கு மாதம் போயிற்று. கடைசியில் அந்த வார்த்தையையே விட்டுவிட்டு, 'நீ வந்தா நான் இருப்பேன்' என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவருக்கு ஒரு பெயர் இருப்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

போன செவ்வாய் காலை, வாசலோரத் தண்ணீர்த் தொட்டிக்குள் தலையைவிட்டுப் பாசி சுரண்டிக்கொண்டிருந்தார். நான் மாடி ஜன்னலில் பாதிச் சவரத்தில் இருந்தேன். தெருவில் ஓர் அம்மாள் கையில் கடிதத்தோடு வந்து நின்று, ஒரு பெயரைச் சொல்லி, "இருக்காருங்களா?" என்றாள்.

தொட்டிக்குள்ளிருந்து கணீரென்று வந்தது: "அப்படி யாரும் இங்க இல்லீங்க."

அந்த அம்மாள் கடிதத்தை நான்காக மடித்தாள். திரும்பி நடந்தாள்.

"அண்ணே!" என்று கத்தினேன். "அது உங்க பேருண்ணே!"

மெல்லிய சுவர், கடிதக் கதை வீடு முழுக்கத் தெரியும். நான் இறங்கி வருவதற்குள் வாசலில் இரட்டையரில் சட்டை போட்டவரும் துண்டு கட்டியவரும் முதன்முறையாகச் சேர்ந்து நின்றார்கள். டீச்சர் கோழியோடு வந்து, "ஓடுங்கண்ணே!" என்றார். தலையில் பாசியோடு, செருப்பில்லாமல், சாவிக்கொத்து குலுங்க ஓடினார் அண்ணன்.

எங்கள் காதுக்கெட்டும் தூரத்துப் பஸ் நிறுத்தத்தில் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இல்லாத ஆளு எதுக்கு ஓடி வரணும்?"

"வாய்ப் பழக்கம்மா" என்றார் மூச்சு வாங்க. "இருக்கேன். நான் இருக்கேம்மா."

அவள் அவர் பக்கம் திரும்பினாள். பிறகு கை நீட்டித் தலையில் இருந்த பாசியை எடுத்துப் போட்டாள்.

அழைத்து வந்தார். வாசல் நிறைய நின்ற எங்களைப் பார்த்து, "இவங்கெல்லாம் யாருண்ணே?" என்றாள் அவள். அவர் எங்களையும் கோழியையும் ஒருமுறை பார்த்தார். "யாரும் இல்லம்மா" என்றார். பிறகு பலகையருகே போய், பூட்டில்லாத சாவி ஒன்றை எடுத்து, காய்ந்த பெயின்ட்டைச் சுற்றிலும் கீறி, காவலாள் துண்டை இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தி 'உள்ளே'க்குத் தள்ளினார்.