உச்சிக்குப் போகாத செம்பு

1968-ஆம் ஆண்டு பங்குனி மாதம். அப்போது நாங்கள் திருவொற்றியூரில் குடியிருந்தோம். என் இரண்டு வயது மகன் அம்மை கண்டு, கண் திறக்காமல் கிடந்து, பிழைத்து எழுந்திருந்தான். அவன் கிடந்தபோது தலைமாட்டில் உட்கார்ந்து, பர்வதமலைக்கு வந்து என் கையால் தண்ணீர் ஊற்றுவதாக வேண்டிக்கொண்டிருந்தேன்.

போளூர்ப் பக்கம் இருக்கும் அந்த மலையின் உச்சிக் கோயிலில் யாரும் தன் கையாலேயே சுவாமிக்கு அபிஷேகம் செய்யலாம். எங்கள் பக்கத்திலிருந்து வருடந்தோறும் ஒரு குழு பஸ் வைத்துக்கொண்டு போகும். அழைத்துப் போகிறவர் துறைமுகத்தில் மேஸ்திரி. என் கணவருக்கும் அவர்தான் மேஸ்திரி. அவர் கை காட்டினால்தான் அன்றைக்கு வேலை உண்டு. பின்னால் நடந்தது புரிய வேண்டும் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவருடைய கட்டுப்பாடுகள் கடுமையானவை. ஆளுக்கு ஒரு செம்பில் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் எடுத்து, வாயை மஞ்சள் துணியால் கட்டி, உச்சி வரை தரையில் வைக்காமல் கொண்டுபோக வேண்டும். தரிசனம் முடியும்வரை ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. குடிதண்ணீர் டின்களை விடியும் முன்பே ஆள் வைத்து மேலே அனுப்பிவிட்டார். "கையில இருந்தாத்தானே மனசு அலையும்" என்றார். பெரியவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நானும் தலையாட்டினேன்.

மகனை மாமியாரிடம் விட்டுவிட்டு நானும் கணவரும் வந்திருந்தோம். என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு அவன் அழுததுதான் ஏறும்போதெல்லாம் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. பால் குடித்திருப்பானா, வராமலே இருந்திருக்கலாமோ, வேண்டிக்கொண்டு வராமல் இருக்கலாமா என்று மாற்றி மாற்றி யோசித்தபடி நடந்தேன்.

எனக்குப் பேச்சுத் துணையாக வந்தவர் கொருக்குப்பேட்டை அக்கா ஒருவர். பஸ்ஸில்தான் பழக்கம். அவருடைய மகளுக்கு இரண்டு தடவை கரு கலைந்திருந்தது. மூன்றாவதாவது தங்க வேண்டும் என்று வந்திருந்தார். அவர் பேச்சில் மலையே கொஞ்சம் சிறியதானது.

"இன்னாம்மே இது, போய்க்கினே கீது! சாமிக்குக் கீழ ஒரு வூடு கிடைக்கலையா?"

காடு முடிந்து மொட்டைப் பாறை ஆரம்பித்தது. பாறையில் அடித்திருந்த இரும்புக் கடப்பாரைகளையும் சங்கிலியையும் பிடித்து ஏற வேண்டும். வெயில் நேரே உச்சந்தலையில் இறங்கியது. சங்கிலிக்குச் சற்றுக் கீழே அக்காவின் பேச்சு நின்றுபோனது. திரும்பினேன். உதடு வெளுத்துச் சரிந்து கிடந்தார். அவர் செம்பு உருண்டு பாறை இடுக்கில் விழுந்துவிட்டது.

எல்லாரும் நின்றார்கள். ஒவ்வொருவர் மார்பிலும் நிறைந்த செம்பு. ஒரு கைகூட அசையவில்லை.

மேஸ்திரி இறங்கி வந்து பார்த்தார். "சாமி சோதிக்குது. இங்கியே கிடக்கட்டும், எறங்கும்போது இட்டுக்கினு போலாம். யாரும் திரும்பிப் பாக்காம நடங்க" என்றார்.

அந்தப் பாறையில் கை வைத்தால் சுட்டது. அதில் ஒரு மனுஷியைக் கிடத்திவிட்டு நடக்கச் சொல்கிறார்! நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல், "வா, அவரு கோச்சுக்கப் போறாரு" என்றார்.

நான் உட்கார்ந்து மஞ்சள் துணியை அவிழ்த்தேன். செம்பில் இருந்தது என் மகனுக்காக எடுத்து வந்த தண்ணீர். முதலில் துணியை நனைத்து அக்காவின் முகத்தைத் துடைத்தேன். அவர் கண்ணைத் திறந்து, செம்பைப் பார்த்ததும் தள்ளினார்.

"வேணாம்மே. உன் புள்ளைக்கு வேண்டினது."

"குடிங்கக்கா" என்று அதட்டினேன். பெரியவர்களை அதட்டி எனக்குப் பழக்கமில்லை. அவர் மடக் மடக்கென்று குடித்தார்.

மேஸ்திரியின் குரல் பாறையில் மோதியது. "சாமித் தண்ணியைக் குடிக்கக் குடுத்துட்டியா? நாளைக்கு உன் புள்ளைக்கு எதுனா ஆச்சுன்னா என்னாண்ட வந்து அழாதே!"

"என் புள்ளையப் பத்தி நீங்க பேசாதீங்க" என்றேன். அவ்வளவுதான் வந்தது. இன்னும் எவ்வளவோ சொல்லியிருக்க வேண்டும்.

எல்லாரும் மேலே போனார்கள். என் கணவரும் போனார். நானும் அக்காவும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு, மரநிழல் கண்ட இடத்திலெல்லாம் உட்கார்ந்து இறங்கினோம். அடிவாரத்தில் மோர் விற்ற அம்மாள் கொடுத்த மோரைக் குடித்த பிறகுதான் அக்காவுக்குப் பேச்சு வந்தது.

"உன் புள்ள தண்ணிய நான் குடிச்சிட்டேன். இனிமே அவன் எனக்கும் புள்ளதாம்மே."

திரும்பும்போது பஸ்ஸில் எல்லாருக்கும் விபூதி கொடுத்தார்கள், எங்கள் இருவரையும் தவிர. அடுத்த வாரம் முழுக்க என் கணவரை மேஸ்திரி வேலைக்கு எடுக்கவில்லை. "உன்னாலதான்" என்றார் கணவர். யாரால் என்று அவருக்கும் தெரியும்.

ஒரு மாதம் கழித்து மகனுக்குக் காய்ச்சல் வந்தது. "ஊத்தாத தண்ணி கேக்குது" என்றார் மாமியார். தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன். தொண்டைப் புண்தான், மருந்தில் சரியாகிவிடும் என்றார், சரியானது. ஆனால் அந்த மூன்று நாளும், நான் செய்தது தப்போ, தப்போ என்று வெந்துகொண்டிருந்தேன். அதற்காகத்தான் அந்த மனிதர்மேல் என் கோபம் ஆறவில்லை. வேலையைப் பறித்ததைக்கூட மறந்துவிடலாம். ஒரு தாயின் மனதில் அப்படி ஒரு பயத்தைப் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் மலையேறிப் போனாரே!

மகன் இப்போது மூன்றாம் வகுப்பு படிக்கிறான். அவன் லேசாக இருமினாலும் முதலில் மேஸ்திரியின் குரல்தான் கேட்கிறது. அடுத்து, அந்தச் சுடுபாறையில் அக்கா மடக் மடக்கென்று தண்ணீர் விழுங்கிய சத்தம் கேட்கிறது. அந்தச் சத்தம் கேட்டதும், என் வேண்டுதல் அன்றைக்கே அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டது என்று எனக்கு நானே உறுதியாகச் சொல்லிக்கொள்கிறேன்.