குறையில்லாத சூட்டு ஜாக்கெட்

லென்ஸ்காரருக்குப் பொய் சொல்ல வராது. நாற்பத்தைந்து வயது வரை அதற்கான தேவையும் வந்ததில்லை. மூக்குக்கண்ணாடி லென்ஸ்களைப் பெட்டியில் அடுக்கி, மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு, மலைக் கணவாயைத் தாண்டி அந்தப் பக்கத்து ஊர்களின் கண்ணாடிக் கடைகளில் சேர்ப்பதுதான் அவர் வேலை. ஆள் கட்டைப் பிரம்மச்சாரி. லென்ஸுக்குப் பஞ்சு வைத்துப் பொத்திப் பொத்திக் கொண்டுபோகிற மனிதர், தன் உடம்புக்கு உருப்படியாக ஒரு கம்பளி வாங்கியதில்லை. பனிக்காலத்தில் அவர் கடைக்குள் நுழைந்தால் விரல் மடங்காது. கதவைத் தோளால் தள்ளிக்கொண்டுதான் வருவார்.

அதைப் பார்த்துப் பரிதாபப்பட்ட யாரோதான் கரண்டு அக்காவிடம் போகச் சொன்னார்கள்.

மின்சாரப் போர்வை செய்யும் தொழிற்சாலை மூடிய பிறகு, தனிக்கட்டையான அந்த அம்மாள் தன் வீட்டு முன்னறையிலேயே தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு, வண்டி ஓட்டுகிறவர்களுக்குச் சூட்டு ஜாக்கெட் தைத்துத் தந்தார். உள்துணிக்குள் தலைமுடி கனத்தில் கம்பி ஓடும். வண்டி பேட்டரியிலிருந்து வரும் ஒயரை ஜாக்கெட்டின் இடுப்பில் செருகினால் போதும், முதுகும் மார்பும் கதகதவென்று ஆகிவிடும். கையுறையையும் அதோடு மாட்டிக்கொள்ளலாம். தைத்து முடித்த ஜாக்கெட்டை அக்காவே போட்டுக்கொண்டு, ஒரு பேட்டரியையும் தூக்கிக்கொண்டு, பக்கத்துக் கடையில் தன் அக்காள் கணவரான அத்தான் மீன் வைத்திருக்கும் ஐஸ் ரூமுக்குள் போய், ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து வாரப்பத்திரிகை படிப்பார். நடுங்காமல் தொடர்கதையை முடித்தால் ஜாக்கெட் தேறியது. புது ஜாக்கெட்டில் ஒரு வாரம் மீன் வாடை அடிக்கும். யாரும் குறை சொன்னதில்லை.

லென்ஸ்காரர் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். வெந்நீரில் இறங்கியதுபோல இருந்தது. தலைகால் புரியாமல் வண்டியை விட்டு இறங்கி, பிரமாதம் என்று சொல்ல ஓடினார். யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்தார்கள். திரும்பினால் வண்டி. ஒயரைக் கழற்ற மறந்துவிட்டார். தெருவில் உட்கார்ந்த வாக்கில் விழுந்து கிடந்தவரிடம் கரண்டு அக்கா வந்து, குனிந்து, இடுப்பிலிருந்த ஒயரைப் பிடுங்கினார்.

"எல்லாரும் ஒரு தடவை விழுவாங்க. நீங்க கொஞ்சம் சீக்கிரமாவே விழுந்துட்டீங்க," என்றார்.

அவ்வளவுதான். மனிதர் உண்மையிலேயே விழுந்துவிட்டார்.

ஆனால் மறுபடி வர என்ன சாக்கு? அந்த ஜாக்கெட் பாவி பழுதாகிற ஜாதி இல்லை. அப்போதுதான் வாழ்க்கையின் முதல் பொய்யைச் சொன்னார்: இடது கை சூடேறவில்லை. அக்கா ஜாக்கெட்டின் கைத்தையலைப் பிரித்து, மீட்டர் வைத்துப் பார்த்து, மறுபடி தைத்துத் தந்தார். ஒரு ஞாயிறு முழுக்க எதிரே உட்கார்ந்து டீ குடித்ததில் லென்ஸ்காரர் தரையில் கால் பாவாமல் வீடு திரும்பினார். அடுத்து காலர் சூடேறவில்லை. பிறகு நடு முதுகு.

மீன்கடை அத்தானுக்கு விஷயம் எப்போதோ புரிந்துவிட்டது. "அடுத்து எந்த இடம் தம்பி?" என்று கேட்பார். லென்ஸ்காரர் அசடு வழிவார். தெரு முழுக்கத் தெரிந்த சங்கதி அக்காவுக்கு மட்டும் தெரியவில்லை. அவருக்குக் கம்பியில்தான் கண்.

ஒரு ஞாயிறு, வெட்டிய துணியெல்லாம் தைக்காமல் மூலையில் கிடந்தது. அக்காவின் முகத்தில் சிரிப்பே இல்லை.

"மீட்டர் சரின்னு சொல்லுது. ஐஸ் ரூமும் சரின்னு சொல்லுது. ரோட்டுல மட்டும் குளிருதுன்னா என் கையிலதான் கோளாறு. வந்த ஆர்டரையெல்லாம் திருப்பி அனுப்பிட்டேன். என்னை நம்பி ஒருத்தர் கணவாயில கை விறைச்சு விழுந்துட்டா நான் என்ன பண்ணுவேன்? இன்னைக்கு நானும் உங்க வண்டியில வரேன். அங்கயும் கண்டுபிடிக்க முடியலன்னா மிஷினை மூடிடறேன்."

லென்ஸ்காரர் மனசுக்குள் கணக்குப் போட்டார். உண்மையைச் சொன்னால் இனி இந்த வாசலை மிதிக்க முடியாது. சொல்லாவிட்டால் இந்த அம்மாளின் பிழைப்பு போகும், அதுவும் தன் பொய்யால். சொல்லத்தான் வேண்டும் என்று தெரிந்தது. ஆனாலும் வண்டிச் சாவியைத்தான் எடுத்தார். இத்தனைக்கு நடுவிலும், அவள் என் பின்னால் உட்கார்ந்து வரப்போகிறாள் என்று மனசு வெட்கமில்லாமல் குதித்தது.

ஒரே பேட்டரியிலிருந்து இரண்டு ஜாக்கெட்டுக்கும் ஒயர் மாட்டிக் கிளம்பினார்கள். மேடு ஏற ஏற, அவர் முதுகில் அக்காவின் கை இடம் இடமாக அழுத்திப் பார்த்தது.

"இங்க?"

"சூடா இருக்கு."

"இந்த இடம்?"

"ரொம்பச் சூடா இருக்கு."

அந்தக் கை முதுகில் இருக்கும்போது பொய் வாயில் வரவில்லை. வளைவுகளில் வண்டி தானாகவே மிதந்து போனதுபோல இருந்தது. கணவாய் உச்சியில் நிறுத்தினார். எங்கு பார்த்தாலும் பனி. அக்கா ஒயரைக் கழற்றி இறங்கி, கையுறையை உருவிவிட்டு அவர் பிடரியைத் தொட்டார்.

"வேர்த்திருக்கு," என்றார். "இப்ப நல்லா வேலை செய்யுது. அப்படின்னா எப்ப நிக்கும்னே தெரியாது. இது இன்னும் மோசம். நான் கண்டுபிடிக்கவே முடியாது."

கண்ணில் நீர் கட்டியிருந்தது. அதைப் பார்த்தபின் லென்ஸ்காரரால் தாங்க முடியவில்லை.

"நிக்கவே இல்லங்க. ஒரு நாளும் நின்னதில்ல. கையும் சூடு, காலரும் சூடு, முதுகும் சூடு. நான்தான் புளுகினேன். உங்களைப் பாக்க வர வேற வழி தெரியல."

அக்கா விரல் விட்டு எண்ணினார்.

"மூணு தடவையுமா?"

"மூணு தடவையும்."

"அப்ப என் ஜாக்கெட்டுல கோளாறு ஒண்ணுமே இல்ல."

"தங்கமான ஜாக்கெட்டுங்க."

அக்கா பனியில் தொப்பென்று உட்கார்ந்து சிரித்தார். கண்ணீரும் சிரிப்புமாக மலையே எதிரொலித்தது. பிறகு எழுந்து, ஒரு கை பனியை அள்ளி அவருடைய இடது கையில் எறிந்தார். அடுத்தது காலருக்குள் போனது. மூன்றாவதற்கு அவரைத் திரும்பி நிற்கச் சொல்லி நடு முதுகில் அடித்தார். பிரித்துத் தைத்த கணக்கு தீர்ந்தது.

"வண்டியை எடுங்க," என்றார் கறாராக.

இறங்கும்போது அக்காவின் கை அவர் முதுகைத் தொடவே இல்லை. எல்லாம் முடிந்தது என்று லென்ஸ்காரர் முடிவுகட்டிவிட்டார். வீட்டு வாசலில் அக்கா இறங்கி, மூலையில் கிடந்த துணிகளை நோக்கி விறுவிறுவென்று உள்ளே போனவர், திரும்பி வந்து நிலைப்படியில் நின்றார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை ஒரு குறையும் இல்லாம வாங்க. சும்மா வாங்க."

அந்த வாரம் எந்தக் கடையில் எந்த லென்ஸைக் கொடுத்தார் என்று அவருக்கே தெரியாது. ஞாயிறு வந்தது. ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு போனால் மறுபடி சாக்குச் சொல்ல வந்ததுபோல ஆகிவிடுமே என்று, சலவைச் சட்டை மட்டும் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார் மகானுபாவர். வந்து சேர்ந்தபோது உதடு நீலம். கண்ணாடி முன் நின்று பழகிய வாக்கியத்தின் முதல் எழுத்திலேயே பல் தந்தியடித்தது.

கரண்டு அக்கா அவரை உள்ளே இழுத்து, தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டைப் போர்த்தி, சோதனை பேட்டரியின் ஒயரைச் செருகி, சூட்டுத் திருகை முழுக்கத் திருப்பினார்.

"நடுக்கம் நின்னதும் நிதானமா கேளுங்க. எனக்குச் சம்மதம்," என்றார்.