எட்டாவது பேர்

நேற்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தேன். கல்வராயன் மலையைச் சுற்றிக்காட்டும் ஒரு பயண நிகழ்ச்சி. அடிவாரம் என்று எங்கள் ஊர் ஏரியைக் காட்டினார்கள். கூலிங்கிளாஸ் போட்ட தொகுப்பாளர் மதகுக் கல்லில் கைவைத்துக்கொண்டு, அதில் வெட்டியிருந்த பெயரை வாசித்து, "இந்தக் கரையைக் கட்டியது இந்தக் குடும்பம்தான்" என்றார். "பொய்!" என்று கத்திவிட்டேன். என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னா, டிவி கூடவா சண்ட?" என்றாள். ஆமாம், டிவியோடுதான். ரொம்பப் பழைய சண்டை அது.

நானும் ஒரு காலத்தில் டிவியில் வந்தவன். சிரிக்காதீர்கள். கச்சிராயபாளையம் பக்கம் ஒரு கேபிள்காரர், படம் போடுவதற்காகச் சொந்தமாக ஒரு லோக்கல் சேனல் வைத்திருந்தார். அந்த அறையில் எப்போதும் சூடேறிய பிளாஸ்டிக் நெடியும் கொசுவத்திப் புகையும் கலந்து அடிக்கும். இன்றைக்கும் செல்போன் சார்ஜர் சூடாகி நெடி வந்தால் நான் தொண்டையைச் செருமிக்கொள்கிறேன். சாயந்திரப் படத்துக்கு முன்னால் பத்து நிமிஷம் என்னுடையது. பிறந்தநாள் வாழ்த்து, காணாமல் போன ஆடு, அப்புறம் என் சொந்தச் சரக்கு.

சொந்தச் சரக்கு என்பது நூலகத்துச் சரக்குதான். கள்ளக்குறிச்சி போய்ப் பயண நூல், சரித்திர நூல் எல்லாம் எடுத்துவந்து, டவுன் பஸ்ஸிலேயே படித்து, அன்றைக்கே பேசிவிடுவேன். காசியைப் பற்றி ஒரு வாரம் அளந்தேன். டீக்கடைக்காரர் நிஜமாகவே நம்பிவிட்டார். "இன்னா தம்பி, நேத்து காசில இருந்த, இன்னிக்கு இங்க டீ குடிச்சிக்கினு இருக்க? எந்த பஸ்ல வந்த?" வாசலில் நின்றால் தெரிகிற கல்வராயன் மலைக்கே நான் அதுவரை ஏறியதில்லை. அதை அவரிடம் சொல்லவில்லை.

எங்கள் தெருவுக்குக் கேபிள் கிடையாது. "அவ்ளோ தூரம் வயர் இழுத்தா சிக்னல் கம்மியாயிடும்" என்பார் முதலாளி. எங்கள் தெருவைத் தாண்டி இருந்த அவருடைய பம்புசெட்டு கொட்டகையில் மட்டும் படம் பளிச்சென்று தெரியும். அதனால் என் அம்மா, களையெடுத்துவிட்டுத் திரும்பும் வழியில், டீக்கடைக்கு வெளியே ரோட்டில் நின்றுதான் என்னைப் பார்ப்பாள். ஒருநாள் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"ஊரு ஊரா சுத்திக்கினு இருக்கியே, நம்ம ஏரிய பத்தி எப்படா பேசுவ? அந்தக் கல்லுல இருக்கிற பேரு ஒரு கூடை மண்ணு தூக்குச்சா?"

விஷயம் இதுதான். நான் கைக்குழந்தையாக இருந்தபோது ஓர் ஐப்பசி மழையில் கரை உடைந்திருக்கிறது. எங்கள் தெருவிலிருந்து பத்தொன்பது பேர் போய் மண் சுமந்து கரையை எழுப்பியிருக்கிறார்கள். என்னைப் புளியமரத்துத் தூளியில் போட்டுவிட்டு அம்மாவும் சுமந்திருக்கிறாள். வேலை முடிந்ததும் கல் நட்டார்கள். கல்லில் முதலாளியின் தாத்தா பெயர்.

வீடு வீடாகப் போய்ப் பத்தொன்பது பெயரையும் கேட்டு எழுதினேன். மறுநாள் காசியும் இல்லை, டெல்லியும் இல்லை. ஏரிக் கதையைச் சொல்லிவிட்டுப் பெயர்களை வாசிக்க ஆரம்பித்தேன். ஏழாவது பெயரில் கதவு திறந்தது. முதலாளி நேராக வந்து மைக் வயரைப் பிடுங்கினார், ஒரு சினிமாப் பாட்டைப் போட்டார். பிறகுதான் வாய் திறந்தார்.

"இன்னா தம்பி, காசி, டெல்லின்னு சொல்லிக்கினு இருந்தா யாருக்கும் வலிக்காது இல்ல?"

வேலை போனது தெரிந்துவிட்டது. பயம்தான், ஒளிப்பானேன்? காகிதத்தை மடித்துக்கொண்டு டீக்கடைக்கு ஓடினேன். ரோட்டில் எங்கள் தெரு ஜனம் மொத்தமும் நின்றிருந்தது. அம்மா குளித்து, பூ வைத்துக்கொண்டு வந்திருந்தாள். எட்டாவது பெயர் அவளுடையது.

"என் பேரு வர்ற நேரத்துக்குப் பாட்டப் போட்டுட்டானே!" என்று சிரித்தாள். சிரிப்பு சட்டென்று நின்றது. "டிவி இல்லன்னா உனுக்கு வாயி இல்லியா? இங்கியே சொல்லுடா."

சொன்னேன். டிவியில் பாட்டு ஓடிக்கொண்டிருக்க, டீக்கடை பெஞ்சில் ஏறி நின்று மிச்சம் பன்னிரண்டு பெயரையும் கத்தினேன். கடைக்காரர் எழுந்துபோய் டிவியை அணைத்தார்.

இப்போது அந்தக் கேபிள் அறை இருந்த இடத்தில் செல்போன் கடை. டீக்கடை ரோடு அகலப்படுத்தியதில் போய்விட்டது. பத்தொன்பது பேரில் ஒருவர்கூட இல்லை. அம்மா போய் நான்கு வருஷம் ஆகிறது. கல் மட்டும் அப்படியே இருக்கிறது, பெயிண்ட் வேறு அடித்திருக்கிறார்கள்.

நான் தினமும் செல்போனில் ஏதாவது எழுதிப் போடுகிறேன். ரிஷிவந்தியம் கோயிலுக்குப் போனது, படித்த புத்தகம், பார்த்த சீரியல், எதுவாக இருந்தாலும் கடைசியில் அந்தப் பெயர்களைப் போட்டுவிடுவேன். "சம்பந்தமில்லாமல் எதற்கு இந்தப் பட்டியல்? ஆதாரம் உண்டா? எடுத்துவிடுங்கள்" என்று நேற்றுகூட ஒருவர் எழுதியிருந்தார். எடுக்க மாட்டேன் ஐயா. கல் இருக்கிறவரை நானும் எழுதுவேன். ஏழு பெயரை டிவியிலேயே சொல்லியாயிற்று.

எட்டாவது பேர் அஞ்சலை.