ஈரமான கேசட்

இது கதை இல்லை, எனக்கு நடந்தது. பேய் ராத்திரிதான் வரும் என்று நினைப்பவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு நடந்தது பட்டப்பகலில், 2009 சித்திரை வெயிலில்.

அப்போது திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு வீடியோ கடையில் வேலை பார்த்தேன். பழைய கேசட்டை டெக்கில் ஓடவிட்டு, கம்ப்யூட்டரில் ஏற்றி, சிடி போட்டுக் கொடுக்க வேண்டும். அன்று காலை ஸ்தனிஸ்லாஸ் என்பவர் மஞ்சள் பையில் ஒரு கேசட் கொண்டுவந்தார். மகளின் ஞானஸ்நான வீடியோ. இருபத்திரண்டு வருடப் பழசு.

"நாளைக்கு மறுநா மகளுக்குக் கல்யாணம் தாயி. கைக்குழந்தையா இருந்தப்பவே அவ அம்மா போயிட்டா. அம்மா சிரிச்சு இவ பாத்ததே இல்ல. எனக்கும் இதப் போட்டுக் காட்டத் தைரியம் வரல."

"பழசுங்கய்யா. சத்தம் தெளிவா வராது."

"சத்தம் வேணாம். முகம் தெரிஞ்சாப் போதும்."

நாடா முழுக்கப் பூஞ்சை. துடைத்தும் போகவில்லை. ஓட்டும்போது அறுந்தால் அந்தப் பெண் தன் அம்மாவைப் பார்க்கவே முடியாது. முதலாளியோ வேடசந்தூர் கல்யாணத்துக்குக் கேமராவோடு போய்விட்டார். தனியாக உட்கார்ந்து, பயந்து பயந்து போட்டேன்.

படத்துக்கான மஞ்சள் வயரை மட்டும் செருகினேன். சத்தத்துக்கான இரண்டு வயரும் மேஜை ஓரத்தில் தொங்கின.

மணி 11.20. சர்ச் வாசல். கூட்டம். நடுவில் பட்டுச்சேலையில் ஒரு பெண், கையில் பாப்பா. அவள் கேமராவைத் திரும்பிப் பார்த்தாள். டக். டெக் நின்றது. உள்ளே ஈரம் இருந்தால் எரியும் சின்ன விளக்கு எரிந்தது.

மழைக்காலத்தில் அது எரிவதுண்டு. இந்த வெயிலில் ஏது ஈரம்? டெக்கைத் திறந்து பார்த்தேன். காய்ந்து கிடந்தது. கேசட்தான் சில்லென்று இருந்தது. என் விரலெல்லாம் தண்ணீர்.

துடைத்து, ஃபேன் காற்றில் காட்டிவிட்டு மறுபடி போட்டேன். அதே பெண் திரும்பினாள். டக். இந்த முறை அவள் கையில் பாப்பா இல்லை...

விட்டுவிடலாம் என்று தோன்றியது. கல்யாணப் பெண்ணை நினைத்து மூன்றாம் முறை போட்டேன்.

11.52. அவள் திரும்பினாள். டெக் நிற்கவில்லை. ஆனால் திரையில் சத்தத்தைக் காட்டும் பச்சைக் கோடு துள்ளியது.

வயர் தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

ஹெட்போனை மாட்டினேன்.

சொட்... சொட்...

பிறகு ஒரு பெண் குரல். மூச்சு வாங்கியது.

"ஏங்க... எந்திரிங்க... பாப்பாவத் தூக்குங்க..."

சரியாக 12.00. தினசரி பவர்கட். டெக் நின்றது. யு.பி.எஸ். கீச்... கீச்... என்றது. சேவ் செய்து, கம்ப்யூட்டரை அணைத்தேன்.

ஜன்னல் இல்லாத அறை. இருட்டு.

ஹெட்போனைக் கழற்றினேன்.

"எந்திரிங்க..."

என் முதுகுக்குப் பின்னால்.

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியவில்லை. கரண்ட் வந்த பிறகு டீக்கடை நூர் முகமதுவைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டு உள்ளே போனேன். நாடா அறுந்து கிடந்தது. கம்ப்யூட்டரில் எட்டு நிமிடப் படம் பத்திரமாக இருந்தது. அதில் அம்மா பாப்பாவை அணைத்துக்கொண்டு சிரித்தாள்.

சாயங்காலம் ஸ்தனிஸ்லாஸ் வந்தார்.

"முகம் நல்லா வந்துருக்குங்கய்யா. குரல்கூட செத்த நேரம் கேக்குது."

"யார் குரலு?"

"உங்க வீட்டம்மா குரல்தான்னு நினைக்கிறேன்."

என்னையே பார்த்தார். "அவளுக்குப் பிறவியிலயே பேச்சு வராது தாயி."

ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டார். கேட்டு முடித்தும் கழற்றவில்லை. மாட்டியபடியே பேசினார்.

"அவ போன அன்னிக்குக் கொழாயில தண்ணி வந்துச்சு. தரைத்தொட்டி நெறஞ்சு கெடந்துச்சு. மதியம் பன்னெண்டு மணி இருக்கும். தவழ்ந்து போன பிள்ள உள்ள விழுந்துருச்சு. அவளும் குதிச்சு, பிள்ளயத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டே இருந்துருக்கா. பக்கத்து வீட்டு ஆளுக வந்து பாக்குறப்ப, பிள்ளைக்கு மட்டும்தான் உசுரு இருந்துச்சு."

"வீட்டுல யாருமே இல்லையாங்கய்யா?"

"நான் இருந்தேன் தாயி. மில்லுல நைட் ஷிப்ட்டு முடிச்சிட்டு வந்து, பக்கத்து ரூம்லதான் தூங்கிக்கிட்டு இருந்தேன்."