உட்கார்ந்து எழுகிறவர்

காலால் இரண்டு தட்டு தட்டுவார். இரும்பு மூடிக்குக் கீழே கரப்பானோ தேளோ குடியிருந்தால் ஒதுங்கிக்கொள்ள அவகாசம். பிறகு கொக்கிக் கம்பியை மாட்டி மூடியைத் தூக்கி ஓரமாகச் சாய்ப்பார். குந்தி உட்கார்ந்து, மீட்டரின் கண்ணாடியைத் துடைத்து, எண்ணை வாய்விட்டுச் சொல்வார். ஒரு முறை தனக்கு, ஒரு முறை அந்த வீட்டு நாய்க்கு. "நாலாயிரத்து இருநூத்தி எட்டு. என்னடா, சரிதானே?" நாய் மறுக்காது. எண் கைக்கருவியில் ஏறிய பிறகுதான் எழுவார்.

தண்ணீர் மீட்டர் அளவெடுக்கும் வேலை. வயது ஐம்பத்து நான்கு. அதில் இருபத்தாறு வருடம் இதே வேலைதான். ஒரு நாளைக்கு நூற்று இருபது வீடு, அதாவது நூற்று இருபது முறை உட்கார்ந்து, நூற்று இருபது முறை எழுந்தாக வேண்டும். அலுவலகத்தில் அவருக்கு 'வெயில்' என்று பெயர். "வெயில் வந்தாச்சா?" என்றுதான் கேட்பார்கள். தொப்பி, குடை எதுவும் அவருக்கு ஆகாது. "நான் என்ன ஐஸ் கட்டியா, உருகி ஓடறதுக்கு?" மனிதர்களின் முகம் அவர் நினைவில் நிற்காது, மீட்டர் நிற்கும். கடைத்தெருவில் யாராவது வணக்கம் வைத்தால், பதிலுக்கு வைத்துவிட்டு மனைவியின் காதில், "மூடி உடைஞ்ச வீடு" என்பார்.

சிறுநீரகம் பழுது என்று நாலு வருடத்துக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். இரத்தக் கொதிப்பு செய்த வேலை. மாத்திரையை ஒழுங்காகப் போட்டார், உப்பைக் குறைத்தார், அதோடு சங்கதி தீர்ந்தது என்று இருந்துவிட்டார். கால் மக்கர் பண்ணத் தொடங்கியபோது அதையும் இதையும் முடிச்சுப் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. வயசு என்றார். செருப்பு சரியில்லை என்றார். உட்காருவதில் சிரமமில்லை, எழும்போதுதான் தொடை இரண்டும் யாருடையவோ போலச் சும்மா இருந்தன. பிடித்து எழ வாகான வீடுகளை மனத்தில் குறித்துவைத்தார். கம்பிக் கதவு உள்ள வீடு, தாழ்ந்த சுவர் உள்ள வீடு, குழாய் முழங்கால் உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும் வீடு. ஒன்றுமே இல்லாத இடத்தில் கொக்கிக் கம்பியை ஊன்றினார். ஒரே மாதத்தில் கம்பி வளைந்துவிட்டது.

பச்சை பெயிண்ட் அடித்த வீட்டில் கம்பியும் கைகொடுக்கவில்லை. பட்டப்பகல் பதினோரு மணி. மீட்டர் குழிக்குப் பக்கத்தில் இருபது நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தார். வீட்டுக்காரப் பெண் எட்டிப் பார்த்தபோது கருவியைத் தட்டிக்கொண்டே, "மெஷின் நின்னுபோச்சும்மா, கொஞ்சம் பொறுங்க" என்றார். அவள் உள்ளே போனாள். ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து அவர் கைக்கு எட்டும்படி வைத்தாள். ஒரு வார்த்தை பேசாமல் கதவைச் சாத்திக்கொண்டாள். "திட்டியிருந்தாக்கூடத் தேவலை" என்று அன்று மனைவியிடம் சொன்னார்.

மனைவி சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். சுருக்கம் எங்கே இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. மறுநாளே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"விட்டமின் டி ரொம்பக் கம்மியா இருக்கு" என்றார் டாக்டரம்மா, பரிசோதனைத் தாளைப் பார்த்தபடி.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கறுத்த முன்கையை மேசைமேல் நீட்டினார். "ஆபீஸ்ல எனக்குப் பேரே வெயில்தாம்மா. வெயில்ல சும்மா கிடைக்கிறதுதானே அது?"

"கிடைக்கும். ஆனா வெயில் குடுக்கறது பச்சைச் சரக்கு. அதைக் கடைசியாப் பக்குவம் பண்றது கிட்னி. உங்க கிட்னியால அது முழுசா முடியலை. சிறுநீர்ல புரதம் போகுதில்ல, அதோட சேர்ந்து இதுவும் கொஞ்சம் போயிடுது."

"கசிவுன்னு சொல்லுங்க."

"அப்படியே வெச்சுக்கலாம். கால் தளர்றதுக்கு இதுவும் ஒரு காரணம். இது மட்டும்தான்னு நான் சொல்லமாட்டேன்."

விஷயம் கேள்விப்பட்டு மைத்துனர் ஒரு பெரிய டப்பா விட்டமினோடு வந்தார். "ஒண்ணு எழுதிக் குடுத்தா நீங்க மூணாப் போடுங்க மச்சான். குதிரை மாதிரி ஓடுவீங்க." மனைவி டப்பாவைக் கொண்டுபோய் டாக்டரம்மாவிடம் காட்டினாள். அளவு மீறினால் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறி, மிச்சமிருக்கிற சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும் என்றார் அவர். டப்பா மைத்துனர் வீட்டுக்கே திரும்பிப் போயிற்று.

ஆஸ்பத்திரியின் உடற்பயிற்சி அறையில் இருந்த பெண், கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொன்னாள். "இதுக்கெல்லாமா பரீட்சை?" என்றவர், மூன்றாம் முறை நாற்காலியின் கையைப் பிடித்தார். "கை வெச்சா செல்லாது" என்றாள் அவள். மறுபடி முதலிலிருந்து. இருபத்து மூன்று வினாடி. "பதினஞ்சுக்குள்ள முடிக்கணும்" என்றாள் அவள்.

அலுவலகத்தில் மேலாளர் நல்ல மனசோடுதான் சொன்னார். "இனிமே கவுன்டர்ல உக்காந்துக்குங்க. ஃபேன் இருக்கு, நிழல் இருக்கு."

"உக்காரத்தான் எனக்கு நல்லா வருதே சார். எந்திரிக்கத்தான் வரலை." ஆறு மாதம் அவகாசம் கேட்டார். கொடுத்தார்கள். அந்த ஆறு மாதமும் கவுன்டரில்தான் இருந்தார், ஜன்னலில் வந்து நிற்பவர்களிடம், "உங்க மீட்டர் வேப்பமரத்துக்குக் கீழதானே?" என்று கேட்டுத் திகைக்கவைத்தார்.

டாக்டரம்மா எழுதிக்கொடுத்த மாத்திரை, மாதம் தவறாமல் இரத்தப் பரிசோதனை, தினமும் காலையும் மாலையும் நாற்காலிப் பயிற்சி. மனைவி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு எண்ணுவாள். அவர் கையை வைத்த முறையை அவள் எண்ணுவதில்லை. முதல் இரண்டு மாதம் ஒரு முன்னேற்றமும் தெரியவில்லை. மூன்றாவது மாதம் பேருந்துப் படியில் யாரையும் பிடிக்காமல் ஏறினார். இறங்கிய பிறகுதான் அது அவருக்கே உறைத்தது. ஆறாவது மாதம் பதினைந்து வினாடி.

"மாத்திரையா, பயிற்சியா? எது வேலை செஞ்சுதுங்க?" என்று கேட்டார் அவர்.

"எனக்குப் பிரிச்சுச் சொல்லத் தெரியலை" என்றார் டாக்டரம்மா. "சில பேருக்கு ரெண்டு பண்ணியும் இவ்வளவு வர்றதில்லை. கிட்னி பழைய மாதிரியேதான் இருக்கு, அதை மறந்துடாதீங்க."

அலுவலகத்தில் பழைய தெருக்களில் பாதியைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு நாளைக்கு அறுபது வீடு. மீதிப் பாதி வேறொருவருக்குப் போனது.

திரும்பி வந்த முதல் நாள், மூலை வீட்டில் ஒருவர் பூச்செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். புதிதாகக் குடிவந்தவர். இவர் மீட்டரைப் பார்த்து எண்ணைச் சொல்லிவிட்டு, எழுமுன் ஒரு மூச்சு நிதானித்தார். அதைப் பார்த்த அந்த மனிதர் ரப்பர் குழாயைக் கீழே போட்டுவிட்டுக் கையை நீட்டினார். நீட்டிய கையை இவர் பார்த்தார். தன் இரண்டு உள்ளங்கைகளையும் தொடைமேல் வைத்து, முன்னால் சாய்ந்து, மெதுவாக எழுந்து நின்றார். அந்தக் கை இன்னும் அப்படியே நீண்டிருந்தது. சட்டையில் தன் கையைத் துடைத்துக்கொண்டு, அந்த ஈரக் கையைப் பற்றிக் குலுக்கினார்.